உப்புப் பனி

சுந்தரமூர்த்தி அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த மனுஷனுக்கு அசைகிற எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. நாய், பூனை, ஆடு, கைக்குழந்தை, கல்யாண வீட்டுத் தாய்மாமன் எல்லாமே அவருக்கு ஒரே ரகம். எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாத ரகம். அப்படிப்பட்டவர் போன மார்கழியில் ஒரு காட்டு யானைக்கு ஆறடி தூரத்தில் நின்றார், ஓடவில்லை. ஆம்பூரில் இதைப் பேசாத டீக்கடை இல்லை. பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். யானைக்குத் தந்தம் இருந்தது, அண்ணன் அதைத் தடவிக் கொடுத்தார் என்றெல்லாம் அளக்கிறார்கள். கூட இருந்தவள் நான். கொஞ்சம் தள்ளி இருந்தேன், வண்டிக்குள் இருந்தேன், ஆனாலும் இருந்தேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் பெயர் ஜஹீதா. வாணியம்பாடிக்காரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற மாடலில் ஒரு ஜோடி தைத்து அனுப்ப வேண்டும், அவர்கள் சொல்கிற குறையைக் கேட்டு மறுபடி தைத்து அனுப்ப வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அவர்களிடம் இங்கிலீஷில் திட்டு வாங்கி, அதைத் தமிழிலும் உருதுவிலும் எங்கள் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பவள் நான். சுந்தர் அண்ணன் அதே மாடியில் போட்டோ ரூமில் இருக்கிறார். கேட்லாக்குக்கு ஷூக்களைப் படம் எடுப்பவர்.

அதற்கு முன்னால் ஸ்டேஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போகிறவர்களிடம் மூச்சுக்கூட விடக்கூடாது என்பார். ஒரு பெரியவர் அதை அப்படியே நம்பி மூச்சை அடக்கி, ஸ்டூலோடு சாய்ந்துவிட்டார். கல்யாணங்களில் இன்னும் மோசம். என் சித்தப்பா மகனின் நிக்காஹ்வுக்கு அவரைத்தான் கூப்பிட்டிருந்தோம். குடும்பத்து ஆண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒருத்தர் தாடையைத் தூக்கி, ஒருத்தர் தோளை இறக்கி, ஒருத்தர் தொப்பியைச் சரிசெய்து, அவர் கேமராவுக்குப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் பந்தலில் பிரியாணி அண்டாவை, எங்கள் பேச்சில் தேக்சாவை, திறந்துவிட்டார்கள். அந்த வாசனைக்கு அப்புறம் எவன் நிற்பான்? படத்தில் மாப்பிள்ளை மட்டும்தான் இருக்கிறான். அவனும் தேக்சாப் பக்கம் திரும்பியிருக்கிறான்.

இப்படிக் கல்யாணம் கல்யாணமாகக் கெட்டுப் போய், ஸ்டுடியோவை மூடிவிட்டுக் கம்பெனிக்கு வந்தார். முதல் நாள் ஒரு கறுப்பு ஷூவை வெள்ளைத் துணி மேல் வைத்து விளக்கைப் போட்டாராம். ஷூ அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. பிரியாணிக்கு ஓடவில்லை. இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று அன்றைக்குத் தோன்றியதாக என்னிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறிவிடுகிறவர் என்று அவர் மனைவி சந்திரா அக்கா சொல்வார். அந்த ரூமுக்குள் மட்டும் அவர் ராஜா. ஷூவிடம் பேசுவார். “கொஞ்சம் இப்டி திரும்புமா கண்ணு” என்பார். வேறு யாரிடமும் அவர் அப்படிக் கொஞ்சி நான் கேட்டதில்லை.

இந்த ரூமுக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த மார்க்கெட்டிங் மேனேஜர் செந்தில்குமார் சாருக்குக் கம்ப்யூட்டர் மேல் அபார நம்பிக்கை. என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டால் அதுவே படம் போட்டுத் தருகிறது, பிறகு எதற்கு ஒரு ரூம், எதற்கு ஒரு ஆள் என்பார். ஜெர்மனியில் எங்களிடம் வருஷா வருஷம் சரக்கு எடுக்கிற ஹெல்கா மேடம், குளிர்கால பூட்ஸ் ஒன்றுக்குப் படம் கேட்டிருந்தார். பனி விழுந்த மலைப் பாதையில் பூட்ஸ் இருக்க வேண்டும். சார் கம்ப்யூட்டரிடம் கேட்டு, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அனுப்பிவிட்டார். பனி பிரமாதம். மலை பிரமாதம். பூட்ஸுக்கு ஒரு பக்கம் ஏழு ஓட்டை, மறுபக்கம் ஒன்பது ஓட்டை. லேஸ் நேராகத் தோலுக்குள் போய் மறைந்துவிட்டது. இது என் பூட்ஸ் இல்லை, என் பூட்ஸை நிஜமாகப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஹெல்கா மேடம் எழுதினார்.

சாருக்கு மூக்கு அறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோபத்தை ஹெல்கா மேடத்திடம் காட்ட முடியுமா? அண்ணனைக் கூப்பிட்டார்.

“படம் நல்லா வந்துச்சுன்னா ரூம் இருக்கட்டும்” என்றார். “வரலேன்னா அந்த எடம் கார்ட்டன் ஸ்டோருக்கு வேணும். நீங்களும் அங்கயே போய்டுங்க. ஸ்டிக்கர் ஒட்ட ஆள் கம்மி.”

கார்ட்டன் ஸ்டோர் என்றால் அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கிற கிடங்கு. எங்கள் கம்பெனியிலேயே எலி ஜாஸ்தி இருக்கிற இடம். அண்ணன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த ரூமை விட்டால் இந்த மனுஷனுக்குப் போக்கிடம் இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. படம் எடுக்காத சுந்தர் அண்ணனை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கவலைப்படாதீங்கண்ணா, வேலூர் ஜில்லாவிலேயே பனியை உண்டாக்குவோம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு.

முதலில் பஞ்சு. தலையணை கிழிந்து போனதற்குப் பக்கத்தில் பூட்ஸ் கிடக்கிற மாதிரி இருந்தது. பிறகு முகப் பவுடர். மின்விசிறி போட்டதும் நாங்கள் இரண்டு பேரும் கூத்துக்காரர்கள் மாதிரி ஆனோம், பூட்ஸ் கறுப்பாகவே இருந்தது. தெர்மாகோலைப் பொடி செய்தோம். அது பூட்ஸில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் ஜன்னல் ஓரம் நின்று பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை பிரிந்து தரையில் கொட்டியது. வெயிலில் அது வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

உப்பு. எங்கள் ஊரில் அரிசி மூட்டையை விட உப்பு மூட்டை ஜாஸ்தி. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத்தான் தூவி வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நாங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம். அது பனி மாதிரி இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் இத்தனை நாள் தோன்றவில்லை. அண்ணன் கீழே ஓடி ஒரு கை அள்ளி வந்து பூட்ஸ் அடியில் தூவி விளக்கைப் போட்டார். நான் கேமராவில் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அசல் பனி.

இடத்துக்கும் பஞ்சமில்லை. எங்கள் முதலாளிக்குப் பேரணாம்பட்டு தாண்டி, காட்டை ஒட்டி ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் பின்னால் மலை ஏறுகிற ஒற்றையடிப் பாதை. மார்கழி விடியலில் அங்கே எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். தோப்பைப் பார்த்துக்கொள்கிற எல்லம்மா அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் ஆந்திராப் பக்கம் வி.கோட்டாவில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். படம் எடுக்க வருகிறோம் என்றேன், வந்துக்கோங்க என்றார். உப்பைப் பற்றி நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. எந்த மகராசி, படம் எடுக்க வருகிறவர்களிடம் உப்புக் கொண்டு வருகிறீர்களா என்று கேட்பாள்?

தன்சீல் அகமது பாயின் வண்டியில் போனோம். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன டெம்போ. பின்னால் பத்து மூட்டை உப்பு, முன்னால் நாங்கள் மூன்று பேர். தன்சீல் பாயும் அண்ணனும் பள்ளிக்கூட காலத்துத் தோஸ்த்துகள். விடியற்காலை வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், வந்த பிறகு உப்புத் தூவிக்கொண்டிருந்தால் போய்விடும், அதனால் முதல் நாள் சாயந்திரமே தூவி வைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஒன்பது மூட்டையை அந்தப் பாதை நெடுகத் தூவினோம். புதர் மேலே தூவினோம், கல் மேலே தூவினோம். தூவி முடித்துத் திரும்பிப் பார்த்தால், பேரணாம்பட்டில் பனி பெய்திருக்கிறது. அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. தன் மகளைக் கல்யாணம் செய்து கொடுத்தவன்கூட அப்படி நிற்க மாட்டான்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் பாதையில் பனி இல்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். மற்ற இடமெல்லாம் வெறும் மண், அதுவும் யாரோ சுரண்டி எடுத்த மாதிரி.

அண்ணன் கொதித்துவிட்டார். ஊரில் எதைத்தான் விட்டு வைக்கிறார்கள், வெளியில் போட்ட செருப்பு போகிறது, பைக்கில் பெட்ரோல் போகிறது, இப்போது தரையில் கொட்டிய உப்பையுமா அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கத்தினார். நானும் சேர்ந்து திட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, வாணியம்பாடி உருதுவில் திட்டினால் திட்டின திருப்தி இருக்கும். தன்சீல் பாய் மட்டும் கொஞ்ச தூரம் போய், டார்ச்சைக் கீழே அடித்துக்கொண்டு நின்றார். அங்கே சாணி கிடந்தது. கூடை கூடையாகக் கிடந்தது. நேற்று இது இல்லையே என்றார். மாட்டைக் கொண்டுவந்து உப்பை நக்க விட்டிருக்கிறான்கள் என்றார் அண்ணன். எவ்வளவு பெரிய மாடு என்று பாய் கேட்டார். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசை கூடைக் கணக்கில் வந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டும் நாங்கள் மாட்டுக்காரனைத் திட்டிக்கொண்டு நின்றோம்.

மிச்சம் ஒரு மூட்டை இருந்தது. ஒரு தட்டைக் கல்லைச் சுற்றி அதை முழுக்கக் கொட்டிப் பரப்பினார் அண்ணன். உப்புக் கையைப் பேண்டிலேயே துடைத்துக்கொண்டார். கல் மேல் வலது பூட்ஸ். இடது பூட்ஸ் என் பைக்குள். அந்த மாடலில் உலகத்திலேயே அந்த ஒரு ஜோடிதான், அதனால் நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றேன். கேமராவை முழங்கால் உயரத்துக்கு ஸ்டாண்டில் பொருத்தி, பூட்ஸுக்குக் குறி வைத்து இறுக்கினார். இந்த வெளிச்சத்துக்கு ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும், கேமராவைத் தொட்டால் ஆடிவிடும் என்று அதிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து, நுனியில் இருக்கிற பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அமுக்கிப் பிடித்தால் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற கையில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் பலகை. கேமராவுக்குப் பக்கத்தில், பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள் சூரியன் எட்டிப் பார்க்கக் காத்திருந்தார்.

சூரியன் வரவில்லை. பூட்ஸுக்குப் பின்னால் மூடுபனியில் ஒரு இடம் மட்டும் கறுத்தது. மேகம் என்று நினைத்தேன். மேகத்துக்குக் காது இருக்காது என்று அப்புறம்தான் உறைத்தது.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. நான் ஓடினேன். ஏன் அவரை விட்டுவிட்டு ஓடினாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் வந்து நிற்கட்டும், பார்க்கலாம். நான் வண்டியில் ஏறியபோது தன்சீல் பாய் அதற்கு முன்பே உள்ளே இருந்தார், கதவையும் சாத்தியிருந்தார். தட்டித்தான் திறக்க வைத்தேன். வண்டியை எடுங்கள் பாய் என்றேன். சாவி அண்ணன் பாக்கெட்டில் இருந்தது. உப்பு மூட்டை இறக்க அவர்தான் கடைசியாக வண்டியைப் பின்னுக்கு எடுத்திருந்தார்.

கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், மூடுபனி கொஞ்சம் விலகியிருக்கிறது, அண்ணன் அங்கேயே நிற்கிறார். ஒரு கையில் தெர்மாகோல், ஒரு கையில் பொத்தான். யானை கல்லுக்குப் பின்னால் வந்து நின்று, தும்பிக்கையால் உப்பைக் கூட்டிச் சேர்த்து, அள்ளி வாயில் போட்டது. அவசரமே இல்லை. மறுபடி கூட்டியது, மறுபடி அள்ளியது. அதன் குட்டி, கொஞ்சம் வளர்ந்த குட்டி, எங்கள் வண்டிப் பக்கம் வந்து முதுகைத் தேய்த்தது. குட்டி யானையில் குட்டி யானை உரசியதில் நாங்கள் தொட்டிலில் போட்ட மாதிரி ஆடினோம். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து வந்தது. பாய் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தத் தும்பிக்கை பூட்ஸைத் தூக்கியது. கம்பெனியில் தரம் பார்க்கிறவர்கள் திருப்பிப் பார்ப்பார்களே, அதே மாதிரி திருப்பித் திருப்பி முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் பழையபடி கல் மேல் வைத்தது. அடுத்து அண்ணனிடம் போனது. தெர்மாகோலைத் தொட்டது. பேண்டைத் தொட்டது. உப்புக் கை துடைத்த பேண்ட். புஸ்ஸென்று ஊதியது. நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அண்ணன் அசையவில்லை. அந்த இடத்தில் கேட்டதெல்லாம் அந்தப் பெரிய மூச்சும், கேமராவின் க்ளிக்கும்தான். க்ளிக், க்ளிக் என்று நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, இந்த நிலைமையிலும் படம் எடுக்கிறாரே என்று நினைத்தேன்.

உப்புத் தீர்ந்தது. இரண்டும் திரும்பி, தோப்புக்குள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் தோப்புப் பக்கம் சிமெண்ட் உடைகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

முதல் பஸ்ஸில் இறங்கி வந்த எல்லம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாட்டுக்காகக் கட்டி வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. கடைசித் தண்ணீருக்காகத் தொட்டியின் சுவரையே சாய்த்துவிட்டிருந்தன. நாங்கள் உப்புக் கதையைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உப்புத் தின்னா தண்ணி குடிக்காம இன்னா பண்ணும்?” என்றார். “ஏம்மா, படிச்சவதானே நீ. ஆந்திராப் பக்கம் போற ஆனைய உப்பு வெச்சுக் கூப்புட்டிருக்கியே.”

அதற்கப்புறம் அவர் தெலுங்குக்கு மாறிவிட்டார். எனக்குத் தெலுங்கு தெரியாதது நல்லதாகப் போயிற்று. வனத்துறை ஆட்களும் வந்து திட்டினார்கள், அது நியாயமான திட்டு. மண்ணில் மிச்சமிருந்த உப்பை எல்லாம் துடைப்பத்தால் கூட்டி மூட்டையில் அள்ளச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் பனியைப் பெருக்கினோம். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்து, சர்க்கரை கம்மி என்றார். உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் நிம்மதி ஆனது.

கம்பெனியில் எங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தையல் லைன் பெண்கள், கட்டிங் ஆட்கள், கேண்டீன்காரர் எல்லோரும் போட்டோ ரூமில் நெருக்கியடித்து நின்றார்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார் அண்ணன். பூட்ஸ். அடுத்ததிலும் பூட்ஸ். ஒவ்வொரு தையலும் எண்ணலாம், ஒவ்வொரு உப்புக் கல்லும் மின்னுகிறது. பின்னால் சாம்பல் நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, மங்கலாக ஒரு சுவர். எல்லாப் படமும் அதுதான். நடுவில் சிலதில் பூட்ஸ் இல்லை, தும்பிக்கை தூக்கிய நேரம். தும்பிக்கையும் இல்லை, அசைந்துகொண்டே இருந்ததால் புகை மாதிரி ஒரு தீற்றல்தான்.

ஆனை எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். இதுதான் என்று அந்தச் சுவரைக் காட்டினார். முன்னங்கால். நாலு பேர் சினிமாக் கொட்டகையில் கரண்ட் போன மாதிரி உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். சந்திரா அக்கா மட்டும் அதில் ஒரு படத்தை வீட்டுக்குப் பிரிண்ட் போட்டு வாங்கிப் போய், பிள்ளையார் கால் என்று மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார். நம்ம உப்பைத் தின்ன விசுவாசத்துக்குத்தான் அது உன்னை விட்டுட்டுப் போச்சு என்று அண்ணனிடம் சொன்னாராம். பூட்ஸுக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்ததுதான் கொஞ்சம் அதிகம்.

நல்ல படங்களைப் பொறுக்கி அனுப்பினோம். பூட்ஸில் காய்ந்திருந்த யானைச் சளியைத் துடைத்து, பாலிஷ் போட்டு, அதையும் கூரியரில் அனுப்பினோம். அடுத்த வாரம் ஹெல்கா மேடம் வீடியோவில் வந்தார். செந்தில்குமார் சார் நடுவில், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணன். மேடத்துக்கு வாயெல்லாம் பல். பத்து வருஷத்தில் இப்படி ஒரு படம் பார்த்ததில்லை என்றார். முக்கியமாக அந்தப் பாறை. என்ன நிறம், என்ன சுருக்கம், ஆயிரம் வருஷத்துப் பாறை போல இருக்கிறது, எந்த மலை அது என்று கேட்டார். குளிர்கால மாடல்கள் அத்தனையையும் அதே பாறைக்கு முன்னால் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னார்.

சார் முந்திக்கொண்டு தாராளமாக என்றுவிட்டார். யானைக் கதை அவருக்கு நன்றாகவே தெரியும். மேடம் குறித்துக்கொள்ளக் குனிந்தபோது எங்களிடம் மெதுவாக, பாறைன்னே இருக்கட்டும், நம்மூரில் பாறைக்கா பஞ்சம், இந்த ஆர்டரில்தான் ரூமே நிற்கிறது, வாயைத் திறக்காதீங்க என்றார். அது அண்ணனுக்கும் புரிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடத்துக்கு சொல்லு ஜஹீதா” என்றார். “அது பாறை இல்ல, ஆனை. அது ஆந்திராவுக்குப் போய்டுச்சு. அதே மாரி வேறொரு கல்ல வெச்சு ஏமாத்த எனக்கு வராது.”

மேஜைக்கு அடியில் சார் யார் காலையோ மிதித்தார். என் கால். நான் எழுத்துக்கு எழுத்து அப்படியே மொழிபெயர்த்தேன். மேடம் தன் பக்கம் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவது தெரிந்தது. கீழே, உப்புக்குள் பாதி புதைந்து, அரை வட்டமாக நகங்கள். பாறைக்கு நகம் இருக்கிறதே என்றார் மெதுவாக. அப்புறம் அண்ணனை நேராகப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. “வெளிச்சம் கம்மி, ஷட்டர மெதுவா வெச்சிருந்தேன். ஓடினா தரை அதிரும். படம் ஷேக் ஆய்டும்.”

இதையும் நான் இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மா எழுந்து நின்று கை தட்டினார். மற்ற மாடல்களுக்குப் பாறையும் வேண்டாம், யானையும் வேண்டாம், உங்கள் வெள்ளை ரூமிலேயே எடுங்கள், ஆனால் இவர்தான் எடுக்க வேண்டும், அதை ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன் என்றார். சார் உடனே, சுந்தரமூர்த்தியைப் போல ஒருவரைத் தயார் செய்வதற்கு எங்கள் கம்பெனி எவ்வளவு பாடுபட்டது என்று ஆரம்பித்தார். அவர் மிதித்த கால் எனக்கு வலித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் ரூம் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த ஆளைக்கூட மன்னித்துவிட்டேன், அன்றைக்கு மட்டும்.

சாயந்திரம் கேண்டீனில் அண்ணனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். தையல் லைன் பெண்கள் போகிற போக்கில் அவரைப் பார்த்து, ஷேக் ஆய்டும், ஷேக் ஆய்டும் என்று கிண்டல் அடித்துவிட்டுப் போனார்கள். மரியாதையான கிண்டல். அண்ணன் சிரிக்கவில்லை. எல்லோரும் போகும்வரை டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

“உண்மைய சொல்லட்டா?” என்றார். “அந்தக் கறுப்பு அசைஞ்சுச்சு பாரு, அப்ப கண்ண மூடினேன். அது போற வரிக்கும் தொறக்கவே இல்ல. ஓட முடியல, கால் மரத்துப் போச்சு. பயத்துல கை இறுகிடுச்சு, அதுக்குள்ள பொத்தான் இருந்துச்சு. அவ்ளோதான்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஊரே அந்த யானையைப் பற்றி அவரிடம் கேட்கிறது. ஆறடியில் நின்ற ஒரே ஆள் அவர். அவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

“நீ பாத்தியே” என்றார். “எப்டி இருந்துச்சு அது?”

சொன்னேன். ஒரு காதின் ஓரம் கிழிந்திருந்ததைச் சொன்னேன். கண்ணில் தென்னந்துடைப்பம் மாதிரி முடி இருந்ததைச் சொன்னேன். பூட்ஸைத் திருப்பிப் பார்த்து வைத்ததை, அவர் பேண்டை ஊதியதை, போகிறபோது குட்டி நின்று திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னப் பாத்துச்சா?”

“ரொம்ப நேரம் பாத்துச்சுண்ணா.”

அண்ணன் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதல்லேர்ந்து சொல்லு, அந்தக் கறுப்பு வந்துச்சே, அங்கிருந்து சொல்லு என்றார். எனக்கு வாணியம்பாடி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.